சீறல் நின்றுபோன சொம்பு

பட்டறையை உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. போன வாரம் வந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஃபிளாஸ்கிலிருந்து திரவ நைட்ரஜனைச் சொம்பில் ஊற்றிச் சோதித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புகை மேசை விளிம்பில் வழிந்து அவள் காலடியில் விழுந்தது. பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எல்லோர் முன்னிலும் அவளை மிரட்ட மனம் வரவில்லை. அதனால் இதை எழுதித் தருகிறேன். எல்லோரும் படியுங்கள்.

லேத்தில் கடைசல் பிடிப்பதைப் பற்றியோ, வெள்ளிக் கம்பி வைத்துப் பற்றவைப்பதைப் பற்றியோ நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். பயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பயம் வந்த பிறகு மனுஷனுக்குக் கால் ஒரு பக்கம் இழுக்கும், புத்தி ஒரு பக்கம் இழுக்கும். எந்தப் பக்கம் போவது என்பதைத்தான் நான் இந்தத் தொழிலில் கற்றேன்.

தொண்ணூற்று மூன்றில் மரக்காணம் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி போடுகிற இடம். அமோனியா வாயுவை வைத்துத்தான் அங்கே தண்ணீரை உறைய வைப்பார்கள். ஒருநாள் காலையில் குழாய் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. கண்ணுக்குள் மிளகாய்ப் பொடியைக் கொட்டியதுபோல எரிச்சல். எல்லோரும் கேட்டைப் பார்த்து ஓடினோம். வெளியே போக எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பட்டன் தெறித்தது. எங்கள் ஃபோர்மேன்.

"கேட்டாண்ட போவாதடா! காத்து அந்தப் பக்கந்தான் அடிக்குது!"

என்னைத் திருப்பி, முள்வேலியில் இருந்த சந்து வழியாக உப்பளத்துப் பக்கம் தள்ளினார். முள் கிழித்து முதுகெல்லாம் ரத்தம். உப்பளத்து வரப்பில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கடல்காற்று வாயுவை அப்படியே சுருட்டிக்கொண்டு கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஓடிய இரண்டு பேர் கேட்டுக்கு வெளியே ரோட்டில் விழுந்து கிடந்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கண் முன்போல் தெரியவே இல்லை.

அந்த ஃபோர்மேன் அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானாகப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஓடு என்று உடம்பே சொல்லிவிடும். எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது.

ஆனால் அமோனியா ஒரு விதத்தில் நல்லது. வருகிறேன் என்று மூக்கில் குத்திச் சொல்லிவிட்டுத்தான் வரும். நைட்ரஜன் அப்படி இல்லை.

விழுப்புரத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் பட்டறை போட்டு நான் ஓரளவு காலூன்றிய பிறகுதான் மலர்விழி வந்தாள். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவள். கணவர் வெளிநாட்டில். ஒரு சின்னப் பெண் குழந்தை. கையில் செல்போனை நீட்டி ஒரு படம் காட்டினாள். கம்ப்யூட்டர் போர்டின் நடுவே ஒரு செம்புக் குவளை, அதிலிருந்து புகை.

"இத மாதிரி ஒண்ணு செய்யணும்ணா. அடி கனமா செம்புல இருக்கணும், மேல குழாய் மாதிரி. நீங்க ஏசி குழாய் ஒட்டுறவரு, ஒங்களால முடியும்னு சொன்னாங்க."

எதற்கு என்று கேட்டேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை அதற்கென்று விதித்த வேகத்தைத் தாண்டி ஓட்டினால் அது கொதித்துச் செத்துப்போகும், அது சாகாமல் இருக்க அதன் தலையில் இந்தக் குவளையை வைத்து திரவ நைட்ரஜனை ஊற்ற வேண்டும், அதன் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்றாள். யார் அதிக வேகம் ஓட்டுகிறார்கள் என்று உலகம் முழுக்க இண்டர்நெட்டில் போட்டி நடக்கிறதாம். அதில் தன் பெயரும் வர வேண்டுமாம். போட்டிக்காரர்கள் அந்தக் குவளையை 'பாட்' என்றார்கள். எங்கள் பட்டறையில் முதல் நாளிலிருந்தே அது சொம்புதான்.

சொம்பு நன்றாக வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நைட்ரஜனை எடுத்து வந்த கதையைத்தான் சொல்ல வேண்டும்.

கிராமத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர்கள் பைக்கில் ஓர் அலுமினியக் கேன் கட்டிக்கொண்டு வருவார்களே, அதே மாதிரிக் கேன்தான். அதன் மூடி இறுக மூடாது, மூடவும் கூடாது. உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், அது வெளியேற வழி வேண்டும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு அதை ஒரு வாடகைக் காரில் கொண்டுபோனோம். நான் டிரைவர் பக்கத்தில், மலர்விழி பின்சீட்டில், கேன் அவள் கால்களுக்கு நடுவில்.

விக்கிரவாண்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றினோம். டிரைவர் ஏசியைப் போட்டான். ரோட்டில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது பின்னால் சடசடவென்று ஒரு சத்தம். கேனிலிருந்து கொஞ்சம் சிந்தி, கால்மிதியில் பட்டுப் பொரிந்தது. "ஒண்ணுமில்லண்ணா, கொஞ்சந்தான்" என்றாள். பிறகு குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அந்த வேன்காரரு இருக்காரே, அவருக்கு மொதல்ல..."

அவ்வளவுதான். மீதி வரவில்லை. நான் மீதிக்காகக் காத்திருந்தேன். டிரைவர் ஒரு கொட்டாவி விட்டான். எனக்கும் உதடு மரத்ததுபோல், தலைக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் அவள் தலை சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

"தூங்கிட்டாங்க போலண்ணா" என்றான் டிரைவர்.

பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் யாரும் தூங்குவதில்லை. தோளைத் தட்டினேன். தலை மறுபக்கம் சரிந்தது. டிரைவர் அலறிவிட்டான்.

"முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி பின்னாலதான் கீதுண்ணா! வண்டியத் திருப்பிக்கினு ஜல்தியா போயிடலாம்!"

அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. மயங்கியவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறென்ன செய்வது? அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். கியரைத் தேடிய கை, கியர் இல்லாத இடத்தில் துழாவிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறையும் அது கியரைத் தொடவில்லை. எங்கள் மூன்று பேருக்குமே ஒரே வியாதி என்பது அந்தக் கையைப் பார்த்ததும் விளங்கியது. நைட்ரஜன் நிறமில்லாமல், வாசனையில்லாமல், இருமல்கூட வரவழைக்காமல் காருக்குள் இருந்த காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு மூடிய காரில் போனால் மூன்று பேரும் போய்ச் சேர மாட்டோம்.

"ஓரங்கட்டு. ஆஸ்பத்திரி அப்புறம். கதவத் தொற மொதல்ல!"

வண்டி முழுதாக நிற்பதற்குள் என் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். மழை முகத்தில் அறைந்தது. இறங்கிப் பின்கதவைத் திறந்து அவளை அக்குளில் கை கொடுத்து இழுத்து, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லை ஓரமாகச் சேற்றில் கிடத்தினேன். மூச்சு வருகிறதா என்று பார்க்கக் குனிந்த எனக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. மழை அவள் முகத்தில் கொட்டியது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். டிரைவர் ரோட்டில் நின்று போகிற லாரிகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு முறை. இருமினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"...கண்ணாடி மாத்தணும்ணா. பார்வையே சரியில்ல அவருக்கு."

விட்ட இடத்திலிருந்து அந்த வாக்கியத்தை முடித்தாள். நடுவில் ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியவில்லை. "ஏன் என்னை மழையில போட்டுக்கீறீங்க?" என்று கேட்டாள். செத்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது என்பதை நான் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

கேனை ரோட்டோரம் இறக்கிவைத்துவிட்டு, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிக்கொண்டு, நனைந்தபடியே முண்டியம்பாக்கம் போய் அவளைக் காட்டினோம். அந்த டிரைவர் அதன்பிறகு என் போனை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து நைட்ரஜன் என்றால் குட்டியானை லோடு வண்டியின் திறந்த பின்பக்கம்தான். அறை என்றால் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். மலர்விழி இதில் என்னைவிடக் கண்டிப்பு. ஏசி ஓடுகிற அறையில் ஊற்றச் சொன்னவர்களிடம், எவ்வளவு பெரிய இடமானாலும், "மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் இன்றும் கனவில் காண்கிற விஷயம்.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கல்லூரி. ஆண்டு விழாவில் மாணவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் சொம்பு எங்களுடையது அல்ல. தாமஸ் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் அவர்களே ஒன்று செய்திருந்தார்கள். அழகான வேலை. நம் சொம்புக்கு வெளியே கறுப்பு ரப்பர் நுரை சுற்றுவோம். அவர்கள் அதற்குப் பதிலாக, ஃபிளாஸ்கைப் போல இரட்டைச் சுவர் வைத்திருந்தார்கள். உள்ளே செம்பு, வெளியே எவர்சில்வர், நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளியைச் சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்திருந்தார்கள்.

"எங்கயாச்சும் ஓட்டை விட்டிருக்கீங்களா சார், காத்து போவ?" என்று கேட்டேன்.

"ஓட்டை விட்டா குளிர் நிக்காதேண்ணா. ஆனா நல்லா டெஸ்ட் பண்ணிட்டோம். தண்ணியில முக்கி, காத்தடிச்சுப் பாத்தோம். ஒரு குமிழி வரல."

அது நியாயமான சோதனைதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சரி என்றேன்.

காலை வேளை. கீழ்த்தளத்தில் பெரிய கூடம். கதவு ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, ஃபேன்களைப் போட்டு, மலர்விழி கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். நான் ஊற்றினேன். திரையில் எண் ஏற ஏற மாணவர்கள் விசிலடித்தார்கள். அவள் இதுவரை தொடாத ஓர் எண்ணைத் தொட்டாள். கூடமே எழுந்து கத்தியது. கம்ப்யூட்டரை நிறுத்தினாள். முடிந்தது.

முடிந்ததும் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஊற்றுவதை நிறுத்துவோம். சொம்பில் மீதி இருப்பது ஆவியாகும். பிறகு சூடான காற்றடித்துச் சொம்பையும் போர்டையும் காயவைப்போம். மலர்விழி அதற்கான ஹீட்டரைக் கையில் எடுத்துவிட்டாள்.

கைதட்டல் அடங்கியபோதுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. உஸ்ஸென்று மெல்லிய சீறல். சொம்பின் வாயிலிருந்து அல்ல, அதன் உடம்பிலிருந்து. குனிந்து பார்த்தேன். வெளிச்சுவர் காய்ந்திருக்க வேண்டும், அதிகம் போனால் லேசாக வியர்த்திருக்கலாம். கூடத்துச் சுவரைப் பார்த்து இருந்த பாதி, ஃபிரிட்ஜின் ஃப்ரீசரைப் போல வெள்ளையாக உறைந்திருந்தது. மேசைக்குப் பின்பக்கம் என்பதால் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீறல் மெலிந்தது. கொசுவின் ரீங்காரம் போல ஆனது. நின்றுவிட்டது.

இருபது வருஷம் குழாய்களின் சத்தத்தைக் கேட்டுப் பழகியவன் நான். வாயு கசிகிற சத்தம் கேட்டால் கோபம் வரும். கசிந்துகொண்டிருந்தது தானாக நின்றால்தான் எனக்குப் பயம் வரும்.

மலர்விழியின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அத கீழ வையி. ஊத்து. மறுபடியும் ஊத்து."

"முடிஞ்சிடுச்சேண்ணா. இன்னாத்துக்கு ஊத்தணும்?"

"கேள்வி அப்புறம். ஊத்தும்மா!"

என் முகத்தைப் பார்த்தவள் அதன்பிறகு கேட்கவில்லை. கேனைச் சாய்த்து ஃபிளாஸ்கை நிரப்பி ஊற்றத் தொடங்கினாள். தாமஸ் சார் சிரித்த முகத்தோடு வந்தார். "என்னண்ணா, இன்னொரு ரவுண்டா?"

"சார், சத்தம் போடாம இந்தப் பக்கம் வந்து பாருங்க. வெளிச்சுவரு வெளுத்துக்கினு இருக்கு. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துக்கினு இருந்திச்சி. இப்ப நின்னுபோச்சி."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அது வேறு முகம். தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒட்டுன எடத்துல மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருந்திருக்கு. சாதாரணமா மூடியிருக்கும். குளிர்ல சுருங்குறப்ப தொறந்துகிட்டு உள்ள விட்டிருக்கு. இப்ப சூடேற ஆரம்பிச்சதும் மறுபடியும் மூடிக்கிச்சு."

"அப்ப உள்ள போனது?"

"உள்ளேயேதான் இருக்குண்ணா."

ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ எழுநூறு லிட்டர் வாயு. அது விரல் இடைவெளியில், நான்கு பக்கமும் அடைத்த சுவருக்குள். எங்களைச் சுற்றிக் கூடம் நிறையப் பிள்ளைகள். பின்சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு வகுப்பு. அங்கிருந்து பாடம் நடத்தும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மலர்விழி மட்டும் அந்த ஹீட்டரைப் போட்டிருந்தால்!

சொம்பு நிரம்பியிருக்கும் வரை சுவருக்குள் இருப்பதும் குளிர்ந்தே கிடக்கும், பொங்காது. ஆக, ஊற்றிக்கொண்டிருந்தால் நேரம் கிடைக்கும். கேனைத் தூக்கிப் பார்த்தேன். கையில் கனமே இல்லை.

"எல்லாரும் ஓடுங்க" என்று கத்தத்தான் தொண்டை வரை வந்தது. கத்தியிருந்தால் அந்தக் கூடத்தின் இரண்டு வாசலிலும் என்ன நடந்திருக்கும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தாமஸ் சார் என்னைவிடச் சீக்கிரம் யோசித்துவிட்டார். மைக்கை எடுத்தார். குரலில் கொஞ்சம்கூட நடுக்கமில்லை.

"ஓகே, பிரேக். கேன்டீன்ல எல்லாருக்கும் டீயும் பப்ஸும் வெச்சிருக்கோம். முன்வரிசைலருந்து போங்க. பக்கத்து கிளாஸையும் கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்கும் உண்டு."

பப்ஸும் இல்லை, டீயும் இல்லை. ஆனால் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு கலைந்தார்கள். எவ்வளவு மெதுவாகக் கலைந்தார்கள்! நான்கைந்து பேர் புகையோடு செல்ஃபி எடுக்க மேசைக்கே வந்தார்கள். ஒரு பையன் சொம்பின் மேல் கையை நீட்டினான். "பப்ஸு தீந்துபோவும், ஓடு" என்று நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை. மலர்விழி தலை நிமிராமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஃபிளாஸ்கின் வாய் சொம்பின் விளிம்பில் பட்டுப் பட்டுத் தாளம் போட்டது.

கூடம் காலியானது. அப்படியே விட்டுவிட்டு நாங்களும் போய்விடலாம். ஆனால் டீ இல்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். எத்தனை வாசலை யார் காப்பது? வெடித்தால் ஜன்னல் கண்ணாடி எல்லாம் நடைபாதைப் பக்கம்தான் தெறிக்கும்.

"வெளிய கொண்டுபோயிடலாம் சார்" என்றேன். "குழி ஏதாச்சும் இருக்கா?"

"பின்னால தண்ணித்தொட்டிக்குத் தோண்டிப் போட்டிருக்காங்க. இப்ப ஆளுங்க டிபன் சாப்பிடப் போயிருப்பாங்க."

போர்டு ஒரு மரப்பலகையில் பொருத்தியிருந்தது. வயர்களைப் பிடுங்கினோம். திரைக்குப் போகும் வயர் பனியில் இறுகி வரவில்லை. மலர்விழி கட்டரால் வெட்டினாள். பலகையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான்.

"நீ வராத மலரு. கேன்டீனாண்ட போ."

"நான் ஊத்தலன்னா பாதி வழியில காலியாயிடும்ணா."

"பொண்ணு இருக்கும்மா ஒனக்கு."

"தெரியும். நடங்க."

அவள் சொன்னது சரி. பலகையைத் தூக்கினோம். ஆனால் அந்த நடையில் எனக்கு என் உயிரைப் பற்றிய பயத்தைவிட, அந்தச் சின்னப் பெண்ணிடம் நான் என்ன சொல்வேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. சொம்பு என் முகத்துக்கு நேராக இருந்தது. வேகமாக நடந்தால் சிந்தும், மெதுவாக நடந்தால் தீரும். நடைபாதை முடிந்து மண்தரை வந்தது. செங்கல் துண்டு ஒன்றில் தாமஸ் சாரின் கால் இடறியது. பலகை சாய்ந்தது, பாதி நைட்ரஜன் என் செருப்பின் மேல் கொட்டிப் பொரிந்தது. மூன்று பேரும் அசையாமல் நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. ஃபிளாஸ்கில் இருந்த கடைசியையும் மலர்விழி ஊற்றினாள். கவிழ்த்துக் காட்டினாள்.

"அவ்ளோதாண்ணா."

குழிக்குள் இறங்க மண்சரிவு விட்டிருந்தார்கள். இறங்கும்போதே அவரிடம் சொன்னேன். "சார், உள்ள மூச்சு வுடாதீங்க. இந்தப் புகை பள்ளத்துலதான் தேங்கும்." மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம், வைத்தோம், ஏறினோம். மேலே வந்ததும் மலர்விழி கையைப் பிடித்து இழுத்தாள். கட்டடத்துக்காக அடுக்கியிருந்த செங்கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம்.

அதன்பிறகு நடந்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. ஒன்றுமே நடக்கவில்லை.

வெயில் ஏறியது. குழியிலிருந்து புகை வருவது நின்றது. டீயைத் தேடி ஏமாந்த பிள்ளைகள் எங்களைத் தேடி வந்தார்கள். அவர்களைத் தள்ளி நிறுத்தினோம். கொத்தனார்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மேஸ்திரிக்குக் கோபம்.

"இன்னா சார் இது பேஜாரு? ஒரு சொம்புக்காவ எங்க வேலைய நிறுத்துறீங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். தாமஸ் சார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக என்னிடம் சொன்னார். "ஒருவேளை விரிசல் முழுசா மூடாம இருந்திருக்கலாம்ணா. மெல்ல மெல்ல வெளிய போயிருக்கும். போர்டு, பிராசசர் எல்லாம் பசங்க கெஞ்சி வாங்கி வந்தது. நான் மட்டும் போய் எட்டிப் பாத்துட்டு வந்துடறேனே."

எழுந்துவிட்டார்.

தம்பிகளா, புதிதாக வந்திருக்கும் அம்மா, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். காரில் வந்த பயமும் பலகையைத் தூக்கியபோது வந்த பயமும் உயிர்பயம். அதற்கு உடம்பு துணை நிற்கும். இது வேறு. நூறு பிள்ளைகள் முன்னால், ஒன்றுமில்லாததற்குப் பயந்த கிழவன் என்று நிற்கிற பயம். நானும் தப்பாகத்தான் புரிந்துகொண்டேனோ என்று எனக்கே தோன்றிவிட்டது. சீறல் நின்றதாக நினைத்தது என் காதின் கோளாறோ? 'போய்ப் பாருங்க சார்' என்று சொல்லிவிட்டால் இந்த அவமானம் முடிந்துவிடும். ஒரே ஒரு வார்த்தை.

மலர்விழி என்னைப் பார்த்தாள்.

நான் தாமஸ் சாரின் கையைப் பிடித்தேன். "ஒக்காருங்க சார். நாளைக்கு வரைக்கும் ஆனாலும் யாரும் எறங்கக் கூடாது. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

"நாளைக்கு வரைக்குமா?" என்று மேஸ்திரி கேட்டார்.

வாணவேடிக்கைச் சத்தம் போல இல்லை அது. பெரிய இரும்புக் கதவை யாரோ ஒரே அடியில் அறைந்து சாத்தியதுபோல இருந்தது. தரை அதிர்ந்தது. குழியிலிருந்து மண் எழுந்து எங்கள் மேல் கொட்டியது. செங்கல் அடுக்கின் மேல்வரிசை சரிந்தது. பிறகு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, வானத்திலிருந்து எவர்சில்வர் தகடு ஒன்று சுழன்று சுழன்று இறங்கி மணலில் குத்திக்கொண்டது.

மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தாமஸ் சார் செங்கல் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். மலர்விழி காலி ஃபிளாஸ்கை இன்னும் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாங்கப் பார்த்தேன், விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

குழி நன்றாகக் காற்றாடட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருந்துதான் இறங்கினோம். செம்பு அடிப்பாகம் பலகையையும் போர்டையும் பிளந்துகொண்டு மண்ணில் புதைந்திருந்தது. தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நம் பட்டறையில் இன்றுவரை அடைத்த இரட்டைச் சுவரில் எதையும் செய்வதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். யார் கேட்டாலும், எவ்வளவு கேட்டாலும் செய்யாதீர்கள்.

பஸ் பிடித்து விழுப்புரம் வந்து, இறங்கி வீட்டுக்கு நடந்தேன். என் மனைவியிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். கை கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறையில் குக்கர் அடுப்பில் இருந்தது, உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ பேசிக்கொண்டே பருப்பு கடைந்தாள். பிறகு அடுப்பை அணைத்திருக்கிறாள். சீறல் மெலிந்து, நின்றது.

எனக்கு அடுத்து நினைவிருப்பது தெருதான். அவள் கையைப் பிடித்து வாசலைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்து நடுத்தெருவில் நிற்கிறேன். அவள் கையில் பருப்பு மத்து. எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். என் பிடியில் அவள் வளையல் ஒன்று உடைந்திருந்தது.

"இன்னாங்க? இன்னாச்சி?"

உடம்பு முழுக்க உதறியது. அன்று முழுக்கப் பிடித்து வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. அவள் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்ல, போங்க" என்றாள். என் முதுகில் கையை வைத்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"உள்ள போலாமா?"

"வேணாம். இன்னும் கொஞ்ச நேரம் இங்கியே நிக்கலாம்" என்றேன்.

சரி என்று நின்றாள்.